மூன்றாம் கால் இடைவேளையில் கிளெம் நோஸ்கே

கிளெம் நோஸ்கேயின் குரல் இரண்டு கிலோமீட்டர் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. ஒன்றரைதான். தானியக் கிடங்கின் எடைமேடையில் நின்று அவன் லாரிக்காரர்களைத் திட்டுவதைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நோயாளி வலியை மறந்து சிரித்திருக்கிறார்.

நான் பெவ். ஆஸ்திரேலியாவில் யாராபின் என்ற கோதுமை ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமைகளில், கையாலும் காலாலும் ஆடுகிற எங்கள் நாட்டுக் கால்பந்தான ஃபுட்டியின் கிளப்பில் ஆட்டக்காரர்களின் தொடையைத் தேய்த்துவிட்டு, கணுக்காலுக்குப் பட்டை சுற்றி, தண்ணீர் பாட்டிலுடன் மைதானத்தில் ஓடுகிறவள். கிளெம்மும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஊருக்கு அவன் கோச், எனக்கு 'அவன்'தான்.

கிளெம் எங்கள் அணிக்காக இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆடியவன். அடித்த கோல் ஒன்பது, அதில் மூன்று தவறுதலாக விழுந்தவை என்று அவனே சொல்வான். முழங்கால் விட்டுப்போனதும் கோச் ஆனான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வார நாட்களில் டின்னைத் திறந்து அவித்த பீன்ஸ் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அக்கா டோரீன் வீட்டில் ஆட்டுத்தொடை வறுவல். டோரீனின் கணவன் கெல்வின்தான் அவனுக்கு இருந்த ஒரே சிநேகிதன். இவன் ஓயாமல் பேசுவான், கெல்வின் தலையாட்டுவான். முப்பது வருஷம் அப்படியே போயிற்று.

கெல்வின் 2006 அறுவடையில் செத்தான். கோதுமை ஏற்றிய லாரி கிடங்குக்கு வரும் சாலையில் கவிழ்ந்தது. அன்று எடைமேடையில் இருந்தது கிளெம்தான். அடுத்த வண்டி கெல்வினுடையது என்று சீட்டில் பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தான். சவ அடக்கத்தன்றும் அதற்குப் பிறகும் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

மூன்றாம் கால் இடைவேளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபுட்டி ஆட்டத்தை நாலு காலாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது முடிந்ததும் ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே வட்டமாக நிற்க, நடுவில் கோச் நின்று பேசுவார். நகரத்தில் எப்படியோ, எங்கள் ஊர்களில் ஜனமும் வேலி தாண்டி உள்ளே போய் அந்த வட்டத்தைச் சுற்றி நின்றுகொள்ளும். அதுவரை காரை மைதானத்தைப் பார்க்க நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கோல் விழுந்தால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வருவார்கள். பிள்ளைகள் வரும், நாய்கள் வரும். கிளெம் பேசுகிறான் என்றால் எதிரணிக்காரர்கள்கூடத் தங்கள் கோச்சை விட்டுவிட்டு வருவார்கள்.

"என்னடா, ஓடுறியா, இல்ல புல்லு வளருதான்னு குனிஞ்சு பாக்குறியா? எங்க கிடங்குல எலி இருக்கு, ஒவ்வொண்ணும் உன்ன விட வேகமா ஓடும். அதுகளுக்கு ஜெர்சி மாட்டி எறக்கட்டுமா?"

ஜனம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். திட்டு வாங்கியவனே சில நேரம் சிரிப்பான். ஒன்பது வருஷம் இது நடந்தது. ஜெயித்தோமா என்றால், பாதிக்குப் பாதி.

2007 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. டோரீனின் மகன் ஜாரட் அப்போது எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன், இருபத்தோரு வயது. அன்று கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே நின்று அடிக்க வேண்டிய மூன்று அடியையும் தவறவிட்டான். இடைவேளையில் கிளெம் அவனுக்கு நேரே திரும்பினான்.

"நல்லவேளைடா, இதப் பாக்க உங்கப்பன் உயிரோட இல்ல!"

ஜனம் சிரித்தது. வார்த்தை புரிவதற்கு முன்னே வந்த சிரிப்பு அது. புரிந்ததும் நின்றுவிட்டது. ஆனால் சிரித்தது சிரித்ததுதான். ஜாரட் ஜெர்சியைக் கழற்றி வேலிக் கம்பியில் மாட்டினான். அந்தக் குளிரில் வெற்று மார்போடு நடந்துபோய்க் காரை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் எங்கள் மைதானத்தில் அவன் கால் வைக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி, எங்கள் ஜென்மப் பகை ஊரான கூரனப்பில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

டோரீன் மைதானத்துச் சிற்றுண்டிக் கடையைப் பார்த்துக்கொள்கிறவள். அடுத்த சனிக்கிழமை கிளெம் வழக்கம்போல் சாசேஜ் ரோல் வாங்க ஜன்னல் முன்னால் போய் நின்றான். டோரீன் ரோலைக் காகிதத்தில் சுற்றி முன்னால் வைத்தாள். யார் வந்தாலும் அவள் கேட்கிற "சாஸ் வேணுமா?" என்ற கேள்வி வரவில்லை. சாஸ் பாட்டில் அவள் பக்கத்தில்தான் இருக்கும். அவனும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வாராவாரம் அதுவே நடந்தது. வறண்ட ரோலை ஒரு ஓரமாக நின்று தின்றுவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றுபோயிற்று. எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. கிளப் செயலாளர் லெஸ் எல்லா ஆட்டத்தையும் வீடியோ எடுப்பார். வருஷக் கடைசியில் அந்த நாளின் நாடாவில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பரிசளிப்பு விருந்தில் போட்டுக் காட்டினார். வெட்டுகிற அளவுக்கு எங்களுக்கு நாகரிகம் இருந்தது, போடாமல் இருக்கிற அளவுக்கு இல்லை. வெட்டாத நாடாவை 'கிளெம்மின் சிறந்த திட்டு' என்று மேலே எழுதி அவனிடமே கொடுத்தார். கிளெம் அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டான்.

2010 மார்ச்சில் லீக்கிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கோச்சுகள் எல்லாரும் இரண்டு நாள் மனோதத்துவப் பயிற்சிக்குப் போக வேண்டும், போகாதவர் அந்த வருஷம் கோச் பண்ண முடியாது. வரும்போது தாங்கள் பேசிய பதிவு ஒன்று கொண்டுவர வேண்டும். கிளெம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் என்ன இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. லெஸ் நல்லதென்று எழுதியிருக்கிறார், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

எனக்கும் அதே இடத்தில் முதலுதவி வகுப்பு இருந்ததால் பின்னால் சரக்குத் தட்டு வைத்த அவனுடைய யூட் வண்டியிலேயே போனேன். நூற்றிருபது கிலோமீட்டர் வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தான். "மனோதத்துவமாம் பெவ். ஆட்டத்துல தோத்தா சோபால படுக்கவெச்சு உங்கம்மா எப்படின்னு கேப்பாங்களாம். எங்கம்மா நல்லாத்தான் இருந்தா. பந்தத்தான் எவனும் புடிக்கல."

பாடம் நடத்தியவள் ஆனிக்கா ரீட் என்று ஒரு பெண், முப்பது வயதுக்குமேல் இருக்காது. மெல்லப் பேசுவாள். இருபது கோச்சுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று என் வகுப்பில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் மதியம் அவள் ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டுகிற ஹெட்போனும் மூன்று கட்டம் போட்ட தாளும் கொடுத்தாளாம். தன் பேச்சைத் தானே கேட்டு, 'செய்' என்றது எத்தனை, 'செய்யாதே' என்றது எத்தனை, கேள்வி கேட்டது எத்தனை என்று கோடு போட வேண்டும். சாயங்காலம் கிளெம் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நர்ஸ் கண்ணுக்கு அது பசியாகத்தான் பட்டது.

திரும்பும் வழியில் அறுபது கிலோமீட்டர் வரை சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தான்.

"நாப்பத்தோரு தடவ வாயத் தெறந்திருக்கேன். நாலு நிமிஷத்துல."

"உனக்கு அது கம்மிதான்" என்றேன்.

"முப்பத்து மூணு 'செய்யாதே'. அஞ்சு 'செய்'. கேள்வி மூணு."

"பரவாயில்லையே. என்ன கேள்வி?"

"காது செவிடா? கண்ணு குருடா? மூணாவது எலியப் பத்தி." கொஞ்ச தூரம் ஓட்டினான். "இதுல அந்த வரியச் சேக்கல. எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியல. அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"எதுலயும் போட வேணாம், அது ஆட்டத்தப் பத்தினது இல்லன்னா. அப்ப யாரப் பத்தினதுன்னு திருப்பி என்னையே கேட்டா."

கிளெம் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"கெல்வினப் பத்தினது, பெவ். அவன் இல்லாம கெடந்து தவிக்கிறது நான். அதத் தூக்கி அவன் புள்ள தலையில போட்டுட்டேன்." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "நாடாவுல சிரிப்பு கேக்குது. உன்னோடதும் கேக்குது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று வருஷமாக அந்தப் பழியை அவன் ஒருத்தன் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கால் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். அவமானமாக இருந்தது. அன்றைக்கு அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த சீசனில் அவன் திட்டுவதை நிறுத்தினான். முதல் ஆட்டத்தில் மூன்றாம் கால் இடைவேளைக்கு ஊரே திரண்டு வந்து நின்றது. கிளெம் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "நடுவுல பந்து அவங்க கைக்கே போயிட்டிருக்கு. என்ன பண்ணலாம்னு நெனைக்கிறீங்க?"

ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பின்வரிசைக்காரன் ஒருவன், "நீங்கதான கோச்சு?" என்றான்.

"சத்தமாப் பேசு கிளெம், ஒண்ணும் கேக்கல!" என்று வெளி வட்டத்திலிருந்து கத்தினார் மெர்வ் கிழவர்.

"உங்ககிட்ட பேசல, மெர்வ்."

"அப்ப நாங்க எதுக்குய்யா இந்தக் குளிர்ல வந்து நிக்கிறோம்?"

முதல் நான்கு ஆட்டமும் தோற்றோம். கிளெம்முக்கு உடம்பு சரியில்லை, தலையில் ஏதோ கட்டி என்று வதந்தி கிளம்பி, ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்து ரகசியமாக விசாரித்தார்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்தில், "கோச் பழையபடி பேச வேண்டும்" என்று மெர்வ் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு என்னுடையது.

ஐந்தாவது ஆட்டத்திலிருந்து கொஞ்சம் பிடிபட்டது. டோபி என்று ஒருவன், எப்போது அடித்தாலும் பந்து இடது பக்கம் போகும். கிளெம் இரண்டு வருஷமாக "இடது பக்கம் அடிக்காதடா" என்றுதான் கத்திக்கொண்டிருந்தான். எதைச் செய்யாதே என்கிறோமோ அதுதான் கேட்கிறவன் தலைக்குள் நிற்கும் என்று ஆனிக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் கிளெம் கேட்டான். "டோபி, அடிக்கும்போது எதப் பாக்குற?"

"இடது கம்பத்த."

"ஏன்டா?"

"அங்க போகக் கூடாதுல்ல."

கிளெம் தலையில் கையை வைத்துக்கொண்டான். "வேற எதப் பாத்தா நல்லாருக்கும்? நீயே சொல்லு."

டோபி ரொம்ப நேரம் யோசித்து, கம்பங்களுக்கு நடுவே பின்னால் தெரிந்த, எங்கள் பக்கத்தில் மிளகு மரம் என்று சொல்கிற பெரிய நிழல் மரத்தைக் காட்டினான். அந்த சனிக்கிழமை ஐந்து கோல் அடித்தான். கார் ஹார்ன் சத்தத்தில் எனக்குத் தலைவலியே வந்தது. அதற்குப் பிறகு கிளெம் கேட்டால் பதில் வர ஆரம்பித்தது. யாரைத் தோளில் தட்டினால் போதும், யாரிடம் தனியாகப் பேச வேண்டும், யாரிடம் பேசவே கூடாது என்றெல்லாம் எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான். எங்களுக்குத் திட்டு போனதில் வருத்தம்தான். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இவ்வளவும் அவனுக்கு வேண்டியது இல்லை. அவனுக்கு வேண்டியது ஜாரட். அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. கூரனப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவான், டயர் கடையில் நிற்பான்.

"என்ன வேணும்?" என்பான் ஜாரட். மாமா என்று கூப்பிடுவதில்லை.

"டயர் ஒண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. ஆகஸ்டுக்குள் நாலு தடவை போய் நாலு சக்கரமும் புதுசாகிவிட்டது. "இனி ஸ்டெப்னிதான் பாக்கி" என்று என்னிடம் சொன்னான். அவன் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், கூரனப்போடு. ஜெயித்தால் இறுதிச் சுற்று. மூன்றாம் கால் முடிந்தபோது பதினோரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஜனம் வேலி தாண்டி வந்தது. கூரனப்புக்காரர்களும் பழக்கதோஷத்தில் வந்தார்கள். அவர்களோடு, டயர் கடைச் சட்டையில், ஜாரட் நின்றான். எனக்கு முன்னால் கிளெம்தான் பார்த்தான். டோபியின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் கிளெம்மின் குரல் நின்றதும் நிமிர்ந்தேன்.

கிளெம் ஆட்டக்காரர்களின் தலைக்கு மேலாகப் பேசினான். ரொம்ப நாளைக்கப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"ஜாரட். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல உன்ன ஒண்ணு சொன்னேன். தப்பு. டயர் கடையில வந்து சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரல. எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும்தான் எடுக்கணும்."

என் கை டோபியின் காலிலேயே இருந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று பட்டது. "நானும் சிரிச்சேன், ஜாரட்" என்றேன். மெர்வ் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

கிளெம்மிடம் சீட்டு எதுவும் இல்லை. "உன்ன ஒண்ணு கேக்கணும். எனக்கு நெஜமாவே பதில் தெரியாது. அன்னைக்கு உங்கப்பன் இங்க நின்னிருந்தா என்னடா சொல்லியிருப்பான்?"

ஜாரட் தரையைப் பார்த்தான். அடுத்த கால் ஆரம்பிக்கச் சைரன் அடித்தது. யாரும் கலையவில்லை. மைதானத்தின் நடுவில் அம்பயர் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். விதிப்படி அவர் ஆட்டத்தை ஆரம்பித்திருக்கலாம்.

"'அடுத்தத அடி'ன்னிருப்பாரு, மாமா" என்றான் ஜாரட். "அதுக்கு மேல பேச மாட்டாரு."

"ஆமா" என்றான் கிளெம். "அவன் பேசவே மாட்டான்." அவன் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தமில்லாமல் அழத் தெரிந்திருந்தது அவனுக்கு. ஆட்டக்காரர்களின் பக்கம் திரும்பி, "கேட்டீங்கல்ல? போங்க" என்றான்.

மூன்று புள்ளியில் தோற்றோம். கோல் விழுந்தால் ஆறு புள்ளி, ஆனால் டோபியின் கடைசி அடி மிளகு மரத்துக்குப் போகாமல் கம்பத்தில் பட்டது. இறுதிச் சுற்றும் போயிற்று.

ஆட்டம் முடிந்து ஜனம் கலைந்த பிறகு கிளெம் கடை ஜன்னல் முன்னால் போய் நின்றான். நான் தண்ணீர் பாட்டில்களை அலம்புகிற சாக்கில் பக்கத்துக் குழாயடியில் இருந்தேன். உள்ளே, அம்மாவுக்குப் பின்னால், ஜாரட் அடுப்பிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தான். டோரீன் ஒரு ரோலை எடுத்துக் காகிதத்தில் பாதி சுற்றினாள். சுற்றுவதை நிறுத்தினாள். சாஸ் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"வேணுமாடா?"

"போடு" என்றான் கிளெம்.

ரோல் நனைந்து, காகிதம் நனைந்து, அவன் சட்டைக் கையெல்லாம் வழிகிற வரைக்கும் போட்டாள்.